மரீ ஜோசே தா லூ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்கள் 100 மீட்டர் ஓட்டம் என்றால் ஜமைக்கா, அமெரிக்கா என்றுதான் பெரும்பாலும் பேச்சு வரும். அந்தப் பேச்சுக்கு நடுவே பத்து வருடமாக விடாமல் ஒலிக்கும் ஒரு ஆப்பிரிக்கப் பெயர் மரீ ஜோசே தா லூ. எனக்கு மிகவும் பிடித்த ஓட்டக்காரர் அவர். தடகளம் பார்க்க ஆரம்பித்திருக்கும் நண்பர்கள் அவரைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த மரீ ஜோசே தா லூ?

மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டைச் சேர்ந்த குறுந்தூர ஓட்டக்காரர். 1988 நவம்பர் 18 அன்று பிறந்தவர். 100 மீட்டர், 200 மீட்டர், உள்ளரங்கப் போட்டிகளில் 60 மீட்டர் ஆகிய மூன்றும் அவருடைய தூரங்கள். பெண்கள் 100 மீட்டரில் 10.72 விநாடி என்ற ஆப்பிரிக்க சாதனை அவருடையது. 2017 உலகப் போட்டியில் இரண்டு வெள்ளி, 2019இல் ஒரு வெண்கலம், 2018 உலக உள்ளரங்கப் போட்டியில் ஒரு வெள்ளி வென்றிருக்கிறார். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் இன்றுவரை இல்லை. அவரைப் பற்றி யார் பேசினாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பார்கள். நானும் கீழே அங்கேதான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

பெயரில் ஸ்மித் எப்போது சேர்ந்தது?

பெர்முடாவைச் சேர்ந்த நீளம் தாண்டும் வீரர் டைரோன் ஸ்மித்தைத் திருமணம் செய்துகொண்ட பிறகு. அவரும் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர்தான். அதனால் இப்போதைய முடிவுப் பட்டியல்களில் 'தா லூ-ஸ்மித்' என்று இருக்கும். பழைய பட்டியல்களில் 'தா லூ' மட்டும். இரண்டும் ஒரே ஆள்தான், குழம்ப வேண்டாம். ஐவரி கோஸ்டின் ஆட்சிமொழி பிரெஞ்சு என்பதால் முதல் பெயரை 'மேரி' என்று சொல்லாமல் 'மரீ' என்று சொன்னால் அவர்கள் காதுக்குச் சரியாக இருக்கும்.

ஐவரி கோஸ்டில் ஓட்டத்துக்கு அப்படி என்ன மரபு இருக்கிறது?

அது கால்பந்து நாடு. திதியே த்ரோக்பா பிறந்த மண். அபிஜான் நகரத்தின் எந்தத் தெருவிலும் பந்து உருளும். தடகளம் அதற்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் ஒரு விளையாட்டு.

ஆனாலும் அந்த நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வந்தது கால்பந்தில் இல்லை, ஓட்டத்தில். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கேப்ரியல் தியாக்கோ ஆண்கள் 400 மீட்டரில் 44.54 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். எட்டே வருடத்தில், 1992இல், இளம் வயதிலேயே இறந்துபோனார். அவருக்குப் பிறகு இன்றுவரை ஐவரி கோஸ்டுக்குத் தடகளத்தில் ஒலிம்பிக் பதக்கம் கிடைக்கவில்லை. நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கம் 2016 ரியோவில் டேக்வாண்டோவில் செய்க் சிஸே வாங்கியது.

பி.டி. உஷா 400 மீட்டர் தடையோட்டத்தில் விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் நான்காவதாக வந்தாரே, அதுவும் அதே லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில்தான். நான்காவது இடம் என்றால் என்னவென்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தா லூவின் கதையை நம்மவர்கள் சட்டென்று புரிந்துகொள்வதற்கு உஷாவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் எப்படி ஓட வந்தார்?

முதலில் கால்பந்து ஆடத்தான் ஆசைப்பட்டார். அவருடைய வேகத்தைப் பார்த்து ஓட்டத்தின் பக்கம் திருப்பியது அண்ணன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வித்தியாசமானது. வசதி தேடும் ஆப்பிரிக்க ஓட்டக்காரர்களில் பலர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போவார்கள். தா லூ போனது சீனாவுக்கு. 2010இல் உதவித்தொகை கிடைத்து ஷாங்காய்க்குப் படிக்கவும் பயிற்சி எடுக்கவும் போய்ச் சில வருடங்கள் அங்கே இருந்தார். புது மொழி, புது சாப்பாடு, வீட்டிலிருந்து அவ்வளவு தூரம். அதே 2010இன் கடைசியில் ஐவரி கோஸ்டில் தேர்தலை ஒட்டி வெடித்த மோதல் அடுத்த வருடம் ஏப்ரல் வரை நீடித்தது. ஊர் அப்படி எரிந்துகொண்டிருந்தபோது அவர் உலகத்தின் மறு மூலையில் டிராக்கில் ஓடிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் வெளியே தெரிய ஆரம்பித்தது மெதுவாகத்தான். 2014 ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப்பில் 100 மீட்டரில் வெண்கலம். 2015இல் பிராஸவில் நகரத்தில் நடந்த ஆப்பிரிக்க விளையாட்டுப் போட்டியில் 100, 200 இரண்டிலும் தங்கம். அப்போது அவருக்கு வயது 26. குறுந்தூர ஓட்டத்தில் 21, 22 வயதிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுகிறவர்கள் நிறைய. தா லூவுக்கு எல்லாமே அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நீண்ட நாள் அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ஐவரி கோஸ்டைச் சேர்ந்த அந்தோனி கோஃபி.

ரியோவில் என்னதான் நடந்தது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2016 ஒலிம்பிக்கின் பெண்கள் 100 மீட்டர் இறுதிச் சுற்று இந்திய நேரப்படி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி வாக்கில் நடந்தது. ஜமைக்காவின் எலைன் தாம்சன் 10.71இல் முதலாவது. அமெரிக்காவின் டோரி போவி 10.83இல் இரண்டாவது. இந்த இரண்டிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூன்றாவது யார் என்பதுதான் கேள்வி. அதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் இதே 100 மீட்டரில் தங்கம் வென்ற ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் ஒரு பக்கம். பெரிய மேடையில் அதுவரை யாரும் பெரிதாகக் கவனிக்காத தா லூ இன்னொரு பக்கம். இருவரும் ஒரே நேரத்தில் கோட்டைத் தாண்டியது போலத்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

பலகையில் இருவருக்கும் ஒரே நேரம் வந்தது: 10.86. ஆனால் வெண்கலம் ஃப்ரேசருக்கு. வித்தியாசம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு.

அது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 0.007 விநாடி என்பது ஏழு சென்டிமீட்டர். கையை நீட்டிப் பாருங்கள், நான்கு விரல் சேர்ந்த அகலம், அவ்வளவுதான். நூறு மீட்டர் ஓடி வந்து நான்கு விரல் அகலத்தில் பதக்கம் போனது.

நான்கு நாள் கழித்து 200 மீட்டர் இறுதிச் சுற்று. அதில் அவர் ஓடிய 22.21 விநாடி அவர் நாட்டுக்குப் புதிய சாதனை. அங்கேயும் நான்காவது இடம். வெண்கலம் வாங்கிய டோரி போவியின் நேரம் 22.15. ஒரே ஒலிம்பிக்கில், ஒரே வாரத்துக்குள், இரண்டு நான்காம் இடம்.

நேரம் ஒன்றாக இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் எப்படிப் பதக்கம் தருகிறார்கள்?

அதிகாரபூர்வ நேரத்தை நூறில் ஒரு பங்கு வரைதான் பதிவு செய்வார்கள். ஆனால் முடிவுக் கோட்டை நோக்கி வைத்திருக்கும் கேமரா விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை அந்தக் கோட்டை மட்டும் படம் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்தத் துண்டுகளை வரிசையாக ஒட்டினால் ஒரு நீளமான படம் கிடைக்கும். அதில் ஒவ்வொருவரின் உடற்பகுதி கோட்டைத் தொட்ட கணத்தைப் பார்ப்பார்கள். தலை, கை, கால் எதுவும் கணக்கில் வராது. கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள உடம்புதான் கணக்கு. அதனால்தான் கடைசி அடியில் எல்லாரும் நெஞ்சை முன்னால் தள்ளுகிறார்கள். நூறில் ஒரு பங்கு வரை சமமாக இருந்தால், இடத்தை முடிவு செய்வதற்கு மட்டும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பார்ப்பார்கள். சரியான முறைதான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ஏழு சென்டிமீட்டர் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2017 லண்டன் உலகப் போட்டியில் தங்கத்தை விட்டுவிட்டார் என்கிறார்களே?

விட்டுவிட்டார் என்று சொல்வது நியாயமில்லை. 100 மீட்டர் இறுதிச் சுற்றில் கடைசி மீட்டர்கள் வரை முன்னால் இருந்தது தா லூதான். பக்கவாட்டில் வந்துகொண்டிருந்த டோரி போவி கோட்டை நோக்கித் தன்னையே தூக்கி எறிந்தார். தாண்டிய கையோடு டிராக்கில் உருண்டு விழுந்தார். போவி 10.85, தா லூ 10.86. இந்த முறை வித்தியாசம் நூறில் ஒரு பங்கு, அரைச் சாண் தூரம். மூன்றாவதாக வந்த நெதர்லாந்தின் டாஃப்னே ஸ்கிப்பர்ஸ் 10.96.

அந்த ஓட்டத்தை இன்று பார்க்கும்போது மனம் வேறு மாதிரி கனக்கிறது. டோரி போவி 2023இல், 32 வயதில், நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணியாக இருந்தபோது பிரசவச் சிக்கலால் இறந்துபோனார். அவர் பாய்ந்து விழுந்து வென்ற அந்தத் தங்கத்தின் மேல் எனக்கு எந்த வருத்தமும் மிச்சமில்லை.

200 மீட்டரில் ஸ்கிப்பர்ஸ் 22.05, தா லூ 22.08. ஸ்கிப்பர்ஸின் உயரம் 1.79 மீட்டர். தா லூ 1.59 மீட்டர்தான். வளைவை முடித்து நேர்கோட்டுக்கு வந்த பிறகு அந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதைப் பார்த்தால், ஒருவர் எட்டி எட்டி வைக்கிறார், மற்றவர் அதைவிட வேகமாகக் காலை மாற்றி மாற்றி வைக்கிறார். தா லூவின் ஓட்டத்தை யாருக்காவது அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் இந்த 200 மீட்டரைத்தான் முதலில் காட்டுவேன்.

குள்ளமாக இருப்பது குறுந்தூர ஓட்டத்தில் குறையா?

இல்லை. வேகம் என்பது ஒரு காலடியின் நீளத்தை, விநாடிக்கு எத்தனை காலடி என்பதால் பெருக்கினால் வருவது. உயரமானவர்களுக்கு முதலாவது எளிது, உயரம் குறைந்தவர்களுக்கு இரண்டாவது எளிது. தொடக்கக் கட்டையிலிருந்து கிளம்பி முதல் முப்பது மீட்டர் வரை உயரம் குறைந்தவர்களுக்குச் சற்று அனுகூலம்கூட உண்டு. தா லூவின் பலமும் அந்தத் தொடக்கம்தான், 60 மீட்டரில் அவர் உலகப் பதக்கம் வென்றது அதனால்தான். ஃப்ரேசர்-பிரைஸும் உயரம் குறைந்தவரே.

முர்யெல் அஹூரே யார்? இருவருக்கும் போட்டியா?

தா லூவுக்கு முன்னால் கதவைத் திறந்தவர் முர்யெல் அஹூரே. அபிஜானில் பிறந்து, சின்ன வயதிலேயே வெளிநாடு போய், அமெரிக்காவில் படித்து ஓடியவர். 2013 மாஸ்கோ உலகப் போட்டியில் 100, 200 இரண்டிலும் வெள்ளி வென்றார். உலகப் போட்டியில் 100 மீட்டர் பதக்கம் வாங்கிய முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர்தான். நான்கு வருடம் கழித்து லண்டனில் தா லூ வாங்கியதும் அதே இரண்டு வெள்ளி. ஒரே நாடு, ஒரே இரண்டு தூரம், ஒரே நிறம். அந்த லண்டன் 100 மீட்டரில் அஹூரே நான்காவது. அதாவது உலகின் முதல் நான்கு பேரில் இரண்டு பேர் ஐவரி கோஸ்ட்.

அதைவிட அழகான ஒன்று 2018இல் பர்மிங்ஹாமில் நடந்தது. உலக உள்ளரங்கப் போட்டி, 60 மீட்டர் இறுதிச் சுற்று. அஹூரே 6.97 விநாடியில் தங்கம், தா லூ 7.05இல் வெள்ளி. ஜமைக்காவும் அமெரிக்காவும் ஆண்ட தூரத்தில் முதல் இரண்டு இடமும் ஒரே மேற்கு ஆப்பிரிக்க நாட்டுக்குப் போனது. டிராக்கில் போட்டி இருந்தது, இருக்கத்தான் வேண்டும். பக்கத்து லேனில் உன் நாட்டுக்காரியே உன்னைவிட வேகமாக ஓடுகிறாள் என்றால் நீயும் ஓடித்தான் ஆக வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் இவ்வளவு வேகம் போயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

10.72 என்ற ஆப்பிரிக்க சாதனை எப்படி வந்தது?

2013இல் நைஜீரியாவின் பிளெஸ்ஸிங் ஒகாக்பாரே லண்டனில் 10.79 ஓடினார். 2016இல் அஹூரே அதை 10.78 ஆக்கினார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் தா லூ அதே 10.78ஐத் தொட்டார். அடுத்த வருடம், 2022 ஆகஸ்ட் 10 அன்று மொனாக்கோ டைமண்ட் லீக்கில் (வருடாவருடம் பல நகரங்களில் நடக்கும் முன்னணித் தடகளப் போட்டித் தொடர் அது) 10.72.

அந்த மொனாக்கோ ஓட்டத்தின் முடிவைப் பாருங்கள். ஃப்ரேசர்-பிரைஸ் 10.62, ஷெரிக்கா ஜாக்சன் 10.71, தா லூ 10.72. ஒரு கண்டத்தின் வரலாற்றிலேயே வேகமான ஓட்டம், ஆனால் அன்றைக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். அவர் ஓடிய காலம் அப்படிப்பட்டது. பெண்கள் 100 மீட்டரில் இவ்வளவு பேர் ஒரே சமயத்தில் இவ்வளவு வேகமாக ஓடியதே இல்லை.

டோக்கியோவிலும் நான்காவதுதானா?

ஆமாம். அது வேறு விதமான வலி.

அந்த ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் செய்க் சிஸேயோடு சேர்ந்து நாட்டின் கொடியைப் பிடித்து நடந்தவர் தா லூ. தகுதிச் சுற்றில் 10.78 ஓடியதும் உலகமே திரும்பிப் பார்த்தது. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், அதுவும் காலை வேளையில், அப்படி யாரும் ஓடுவதில்லை. அரையிறுதியில் 10.79. இறுதிச் சுற்றில் 10.91.

மூன்று ஜமைக்கா வீராங்கனைகள் முதல் மூன்று இடத்தையும் பிடித்தார்கள்: எலைன் தாம்சன்-ஹெரா 10.61, ஃப்ரேசர்-பிரைஸ் 10.74, ஜாக்சன் 10.76. முதல் சுற்றிலேயே சக்தியைச் செலவழித்துவிட்டார் என்று அப்போது பலர் பேசினார்கள். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. அவருடைய தகுதிச் சுற்று நேரத்தையே இறுதிச் சுற்றில் மறுபடி ஓடியிருந்தாலும் 10.78தான், வெண்கலம் 10.76. அப்போதும் நான்காவதாகத்தான் வந்திருப்பார். அன்று ஜமைக்கா அப்படி ஓடியது. 200 மீட்டரில் தா லூ 22.27இல் ஐந்தாவது.

2023தான் அவருடைய சிறந்த வருடமா?

என் கணக்கில் ஆமாம். 34 வயதில் அவர் ஓடியதைப் பார்த்தபோது நம்பவே முடியவில்லை. டைமண்ட் லீக்கில் ஃபிளாரன்ஸ், ஆஸ்லோ, லோசான், லண்டன் என்று வரிசையாக நான்கு வெற்றி. ஆஸ்லோவிலும் லண்டனிலும் 10.75.

அப்புறம் ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டி. அரையிறுதியில் 10.79. அமெரிக்காவின் ஷாகாரி ரிச்சர்ட்சன் அரையிறுதியில் மூன்றாவதாக வந்து, நேரத்தின் அடிப்படையில்தான் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். ஓரத்து ஒன்பதாவது லேன். அங்கிருந்து 10.65 ஓடித் தங்கம் எடுத்துப் போனார். ஜாக்சன் 10.72, ஃப்ரேசர்-பிரைஸ் 10.77, தா லூ 10.81. மறுபடியும் நான்காவது. மறுபடியும் ஒரு படி முன்னால் ஃப்ரேசர்-பிரைஸ்.

10.81 என்பது 2017இல் தங்கம் வென்ற நேரத்தைவிட வேகம். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்களுக்கு 2017 உயரம், 2023 சறுக்கல். கடிகாரத்தைப் பார்ப்பவர்களுக்கு அது தலைகீழ்.

பாரிஸில் 13.84 என்று இருக்கிறதே, அச்சுப் பிழையா?

பிழை இல்லை. 2024 ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் 10.87, அரையிறுதியில் 11.01 ஓடி மூன்றாவது முறையாக ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதிச் சுற்றுக்கு வந்தார். மழை பெய்த இரவு. இறுதிச் சுற்றின் நடுவில் காயம், ஓட முடியவில்லை. ஆனாலும் பாதியில் நின்றுவிடாமல் கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டினார். 13.84 என்பது அந்த நேரம்.

செயின்ட் லூசியாவின் ஜூலியன் ஆல்ஃபிரெட் அன்று தங்கம் வென்ற நேரம் 10.72. தா லூவின் வாழ்நாள் சிறந்த நேரமும் அதுவே, நூறில் ஒரு பங்குகூட மாறாமல். இதை அவருடைய குறையாக யாரும் படிக்கக் கூடாது. உடம்பின் உச்சமும் ஒலிம்பிக்கின் தேதியும் ஒரே நாளில் வந்து சேர்வது யார் கையிலும் இல்லை.

ஒலிம்பிக் பதக்கமே இல்லாதவருக்கு இவ்வளவு அபிமானிகள் எப்படி?

இதற்கு என்னால் என் மனதிலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

முதல் காரணம், அவர் எப்போதும் அங்கே இருக்கிறார். ரியோவில் 2016, லண்டனில் 2017, தோஹாவில் 2019, டோக்கியோவில் 2021, யூஜீனில் 2022, புடாபெஸ்டில் 2023, பாரிஸில் 2024. இத்தனை பெரிய 100 மீட்டர் இறுதிச் சுற்றுகளிலும் அந்த எட்டு, ஒன்பது பேரில் ஒருவராக நின்றிருக்கிறார். தோஹாவில் 10.90 ஓடி வெண்கலம், யூஜீனில் 10.93 ஓடி ஏழாவது. இந்தக் காலத்தில் தங்கம் வென்றவர்களிலேயே சிலர் ஒரு வருடம் மின்னி, அடுத்த வருடம் காயத்தில் காணாமல் போனார்கள்.

இரண்டாவது, ஆப்பிரிக்காவுக்கு அவர் என்னவாக இருக்கிறார் என்பது. ஒலிம்பிக் பெண்கள் 100 மீட்டரில் இதுவரை எந்த ஆப்பிரிக்க நாட்டுக்கும் பதக்கம் கிடைத்ததில்லை. அதனால் தா லூ கட்டையில் காலை வைக்கும்போது அபிஜான் மட்டும் பார்ப்பதில்லை. லாகோஸ், அக்ரா, டாக்கர் எல்லாமே பார்க்கின்றன. கால்பந்தில் அடித்துக்கொள்ளும் அண்டை நாடுகள் அந்தப் பதினோரு விநாடிக்கு ஒரே பக்கம் நிற்கின்றன. 2018இல் நைஜீரியாவின் அசாபாவில் நடந்த ஆப்பிரிக்க சாம்பியன்ஷிப்பில் 100, 200 இரண்டிலும் அவர்தான் தங்கம். அதே வருடம் தோஹாவில் அவர் ஓடிய 10.85 விநாடி, வேறொருவரோடு பகிர்ந்துகொண்டாலும், அந்த வருடத்தின் உலகின் சிறந்த நேரம்.

மூன்றாவது, எந்த நாட்டையும் சேராத நம்மைப் போன்றவர்களின் அன்பு. ஜமைக்கா ரசிகர்கள், அமெரிக்க ரசிகர்கள் என்று பிரிந்து கிடக்கும் தடகள உலகில், 'நம்ம ஆள் ஜெயிக்கட்டும், ஆனால் தா லூவுக்கும் ஒரு பதக்கம் கிடைக்கட்டும்' என்று இரண்டு பக்கமும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்படி ஓர் இடம் எல்லாருக்கும் கிடைக்காது.

மேற்கு ஆப்பிரிக்கா வேகத்துக்கு, கிழக்கு ஆப்பிரிக்கா நீண்ட தூரத்துக்கு என்கிறார்களே, உடல்வாகுதான் காரணமா?

உடல்வாகுக்கு ஒரு பங்கு இருக்கலாம். ஆனால் அதை வைத்தே எல்லாவற்றையும் விளக்கப் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. உடல்வாகு மட்டும் போதுமென்றால் 30 லட்சம்கூட இல்லாத ஜமைக்காவைவிட, சுமார் மூன்று கோடிப் பேர் வாழும் ஐவரி கோஸ்ட் பல மடங்கு பதக்கம் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

ஜமைக்காவில் இருப்பது ஓர் ஏற்பாடு. அங்கே 'சாம்ப்ஸ்' என்று அழைக்கப்படும் பள்ளி தடகளப் போட்டி 1910இலிருந்து நடக்கிறது. பதின்ம வயதுப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க தேசிய மைதானம் நிரம்பி வழியும். பள்ளிக்குப் பள்ளி பயிற்சியாளர்கள், பழைய மாணவர்களின் ஆதரவு, பெற்றோரின் பெருமை எல்லாம் அதற்குப் பின்னால் இருக்கிறது. ஒரு பெண் பிள்ளை வேகமாக ஓடினால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டே தீருவாள். தா லூவைக் கண்டுகொண்டது அவர் வீட்டு அண்ணன். அவருக்குப் பயிற்சி கிடைக்க ஷாங்காய் வரை போக வேண்டியிருந்தது. அஹூரே ஓட்டக்காரராக உருவானது அமெரிக்காவில். வேகம் அந்த மண்ணில் தாராளமாக இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து வளர்க்கும் கை போதவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் கவனிக்க வேண்டிய வேறு பெண் ஓட்டக்காரர்கள்?

நைஜீரியாவின் மேரி ஒன்யாலியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். 1996 அட்லாண்டாவில் 200 மீட்டர் வெண்கலம் வாங்கியவர். அதே நாட்டின் டோபி அமுசான் 2022இல் யூஜீனில் 100 மீட்டர் தடையோட்டத்தை 12.12இல் முடித்து உலக சாதனை படைத்தார். மிகச் சிறிய நாடான காம்பியாவிலிருந்து உலகப் போட்டி இறுதிச் சுற்று வரை வந்த கினா பாஸையும் தேடிப் பாருங்கள்.

மேலே சொன்ன ஒகாக்பாரே பெரிய திறமைசாலி. 2008 ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் பதக்கம் வாங்கியவர். ஆனால் ஊக்கமருந்து விவகாரத்தில் டோக்கியோ ஒலிம்பிக்கின் நடுவே விலக்கப்பட்டு, 2022இல் பத்து வருடத் தடை பெற்றார். இதை எழுதவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் மறைப்பதும் சரியில்லை.

இன்னும் ஓடுகிறாரா?

2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலகப் போட்டியிலும் 100 மீட்டர் இறுதிச் சுற்று வரை வந்தார். 37ஐத் தொட இரண்டே மாதம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன் பார்வையாளர்களே இல்லாமல் ஒலிம்பிக் நடந்த அதே அரங்கம், இந்த முறை கூட்டம் நிறைந்திருந்தது. அமெரிக்காவின் மெலிசா ஜெஃபர்சன்-வூடன் 10.61இல் தங்கம் வென்றார்.

அதே இறுதிச் சுற்றில் இன்னொரு லேனில் நின்றவர் ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ். ஓய்வு பெறப் போவதாக முன்பே சொல்லிவிட்டு வந்திருந்தார், 38 வயது. ரியோவில் அந்த ஏழு சென்டிமீட்டருக்கு இரண்டு பக்கமும் இருந்த இருவரும், ஒன்பது வருடம் கழித்து, தங்களைவிடப் பல வயது இளையவர்களோடு ஒரே வரிசையில் குனிந்து கட்டையில் காலை வைத்தார்கள். இருவருக்கும் பதக்கம் இல்லை. நான் அன்று தங்கத்தைப் பார்க்கவே மறந்துவிட்டேன், என் கண் அந்த இரண்டு லேனில்தான் இருந்தது.